தராசக்காவும் கார்பன் ரெஞ்சும்

எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் இரண்டு முறை மெல்ல மேலும் கீழும் ஆட்டிப் பார்ப்பார். அது என்ன பொருள் என்று கவனிப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். டிபன் பாக்ஸ், கைப்பேசி, கல்யாணப் பத்திரிகை, ஒரு பிடி போல்ட், எதுவானாலும் சரி. ஆட்டி முடித்ததும் எடை சொல்லுவார். "முந்நூத்தி நாப்பது." அவ்வளவுதான். கிராம் என்றுகூடச் சேர்க்க மாட்டார். நாம் கேட்டோமா இல்லையா என்ற கவலையும் அவருக்குக் கிடையாது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், காற்றாலைக்குக் கியர்பாக்ஸ் செய்யும் ஒரு கம்பெனியில் நான் ஸ்டோர்ஸ்காரன். கையுறை முதல் ஸ்பானர் வரை எல்லாம் என் ஜன்னல் வழியாகத்தான் வெளியே போகும், திரும்பி வரும். அவர் அசெம்பிளி லைனில் கான்ட்ராக்ட் ஆள். பொன்னேரிக்குப் பக்கத்து ஆரணியிலிருந்து கான்ட்ராக்டர் வேனில் வருவார். நாற்பத்தைந்து வயதிருக்கும். உயரம் குறைவு, ஆனால் தோள் மட்டும் ஆண்களுக்கு இருப்பதுபோல் அகலம். அவருடைய பெயரை இங்கே எழுத எனக்குத் தைரியம் இல்லை. லைனில் எல்லோரும் தராசக்கா என்றுதான் கூப்பிட்டோம், அதுவே இருக்கட்டும்.

எனக்கு யாரையும் சட்டென்று நம்பிப் பழக்கமில்லை. பதினைந்து வருடம் ஸ்டோர்ஸில் உட்கார்ந்தவனுக்கு அந்த வியாதி வந்துவிடும். அவர் எடை சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போனதும், நான் இந்தப் பக்கம் அதே பொருளை எலக்ட்ரானிக் தராசில் வைத்துப் பார்ப்பேன். ஐந்து கிராம், பத்து கிராம் முன்னே பின்னே இருக்கும். ஒருநாள் மட்டும் ஒரு டப்பா வாஷரில் நாற்பது கிராம் வித்தியாசம் வந்தது. மாட்டினார் என்று எனக்கு ஒரே குஷி. மறுநாள் ஜன்னலில் வைத்தே சொன்னேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "உன் மெஷின பாரு நைனா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்த வாரம் தராசைச் சோதிக்க வருகிற ஆள் வந்து பார்த்துவிட்டு, நாற்பது கிராம் கூடக் காட்டுகிறது என்று ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார். அதற்கப்புறம் நான் அக்காவைச் சோதிக்கவில்லை.

இந்தக் கை எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, காயலான் கடை என்றார். கம்பெனிக்கு வருவதற்கு முன் பொன்னேரிப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் பிரித்துப் போடும் வேலை. பித்தளை தனி, அலுமினியம் தனி, செம்பு தனி. எட்டு வருடம் அதையே செய்ததில் கை படித்துக்கொண்டதாம். வேலை ஏன் போனது என்றும் கேட்டேன். யாரோ ஒரு பெண் வீட்டு உபயோகத்துக்கு வைத்திருந்த பித்தளைக் குடத்தைப் போட வந்திருக்கிறார். முதலாளி தராசில் வைத்து மூன்று கிலோ என்றிருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நம்மவர், மூன்றே முக்கால் என்று சொல்லிவிட்டார். முதலாளி முறைத்தும் நிறுத்தவில்லை, மூன்றே முக்கால்தான் என்று இன்னொரு முறை சொல்லியிருக்கிறார். அன்று சாயங்காலமே வேலை முடிந்தது. "வாய மூடிக்கினு இருக்கலாம்னுதான் பார்த்தேன். கைல வந்தத வாய் சொல்லிடுது, நான் இன்னா பண்றது" என்றார். அதில் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை.

இதனால் அவரை விசேஷ வீடுகளுக்குக் கூப்பிடுவதற்கே லைனில் பயப்படுவார்கள். ஒரு காதுகுத்தில், தாய்மாமன் போட்ட செயினை எல்லோரும் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து சவரன் என்று ஏற்கனவே மைக்கில் அறிவித்தாகிவிட்டது. செயின் இவர் கைக்கு வந்ததைப் பார்த்ததும் எங்கள் லைன் பெண்கள் நாலு பேர் ஓடினார்கள். ஓடிப் பயனில்லை. "நாலுதான் கீது" என்று ஆகிவிட்டது. அந்த மாமன் சாப்பிடாமல் பைக்கை எடுத்துக்கொண்டு போனதை வைத்து ஒரு மாதம் சிரித்தோம். சிரிக்காதவர் இவர் ஒருவர்தான். தான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

எல்லாமே வேடிக்கை என்று சொல்லிவிடவும் முடியாது. என் மகள் பிறந்து இரண்டாவது மாதம், மறுபடியும் பார்க்க வந்திருந்தார். சோழவரத்தில் என் வீடு. குழந்தையை வாங்கி வழக்கம்போல் இரண்டு முறை ஆட்டினார். முகம் மாறிவிட்டது. போன முறை தூக்கியதற்கு இப்போது ஏறவே இல்லை, நாளைக்கே டாக்டரிடம் காட்டு என்றார். என் மனைவிக்குக் கோபம். வந்த இடத்தில் பிள்ளையை நிறுத்துப் பார்க்கிறாரே என்று அவர் போனபின் என்னிடம் சண்டை போட்டாள். இருந்தாலும் மறுநாள் காட்டினோம். பால் போதவில்லை, உடனே வந்தது நல்லதாகப் போயிற்று என்றார் டாக்டர். இன்று என் மகள் நன்றாக ஓடியாடித் திரிகிறாள் என்றால் அதில் அந்தக் கைக்குப் பங்கு உண்டு. அந்தக் கைக்கு நான் செய்தது என்ன என்பதைத்தான் இனி சொல்ல வேண்டும்.

அவருடைய வேலை டார்க் ரெஞ்ச் பிடிப்பது. கியர்பாக்ஸின் மூடியைச் சுற்றி முப்பத்திரண்டு போல்ட் உண்டு. ஒவ்வொன்றையும் இந்த அளவு பலத்துக்கு இறுக்க வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. அந்த அளவு வந்ததும் ரெஞ்ச் 'டிக்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். அதுவரை இழுக்க வேண்டும். ரெஞ்ச் ஓர் ஆள் இடுப்பு உயரத்துக்கு நீளம், முழுக்க எஃகு, அவர் கணக்கில் அஞ்சரை கிலோ. போல்ட்டுகளில் பாதி அவர் தோளுக்கு மேலே இருக்கும். தூக்கி மாட்டி, இழுத்து, டிக் கேட்டு, எடுத்து, அடுத்தது. ஒரு ஷிஃப்டுக்குப் பதினான்கு கியர்பாக்ஸ். சாயங்காலம் ரெஞ்சைத் திருப்பிக் கொடுக்க என் ஜன்னலுக்கு வரும்போது இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டுதான் வருவார். அந்த லைனில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் வருவார்கள்.

அப்போதுதான் ஒரு விற்பனைக்காரர் கறுப்புப் பெட்டியோடு வந்தார். கார்பன் ஃபைபரில் செய்த கைக்கருவிகள். சுத்தியல், கடப்பாரை, ரெஞ்ச் எல்லாம் எடையில் பாதிதான், எஃகுக்குக் குறையாத உறுதி என்றார். விலை மட்டும் எஃகுக்கு நாலு மடங்கு. நான் தராசக்காவைக் கூப்பிட்டனுப்பினேன். முதலில் சுத்தியலை ஆட்டிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். சுத்தியல் லேசாக இருந்தால் அடிக்கிற அடியை நம் தோள்தான் போட வேண்டும், இது நமக்கு ஆகாது என்று அபிப்பிராயம் வந்தது. விற்பனைக்காரர் முகம் வாடிவிட்டது. அடுத்து ரெஞ்சை எடுத்தார். இரண்டு முறை ஆட்டினார். எடை சொல்லவில்லை. மூன்றாவது முறையும் ஆட்டினார். "ரெண்டே முக்கா" என்று சொல்லிவிட்டு, திருப்பிக் கொடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். விலை உயர்ந்த புடவையைக் கடையில் தொட்டுப் பார்த்துவிட்டு விட மனமில்லாமல் நிற்பார்களே, அந்த மாதிரி.

அரை நாள் சோதனைக்கு வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. யார் கையில் கொடுப்பது என்று மேனேஜர் கேட்டார். நான்தான் தராசக்கா என்று சொன்னேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

இங்கே எங்கள் பேட்டையின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஒரு வேலைக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்க்க, கம்பெனி அவ்வப்போது ஒரு இன்ஜினியரை ஸ்டாப்வாட்சோடு அனுப்பும். அவர் எழுதிக்கொண்டு போகிற நேரம்தான் அப்புறம் எல்லோருக்கும் இலக்கு. அதனால் அவரைக் கண்டால் கை தானாக மெதுவாகிவிட வேண்டும். முதலில் பார்க்கிற பெண் ஒரு இருமல் இருமுவார். பக்கத்தில் இருப்பவர் இருமுவார். ஒரு நிமிடத்தில் அந்த இருமல் லைன் கடைசிவரை போய்விடும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நாஷ்டா நேரத்தில் முதலில் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான். தராசக்காவும் பலமுறை இருமியவர்தான்.

அன்று காலையில் அவர் கார்பன் ரெஞ்சோடு போய் நின்றார். பத்து மணிக்கு நான் சோதனைப் படிவத்தை எடுத்துக்கொண்டு லைன் பக்கம் போனேன். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. டிக், டிக், டிக் என்று மூடியைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். முகத்தில் வேர்வைகூட அதிகம் இல்லை. உதடு ஏதோ முணுமுணுத்தபடி இருந்தது. பாட்டாக இருக்கலாம். தூண் பக்கம் அந்த இன்ஜினியர் கைப்பேசியைப் பிடித்தபடி நின்றிருந்தார். புது ரெஞ்சைப் பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். லைனில் இருமல் சத்தம் கேட்டது. ஒருவர், இருவர், பிறகு எல்லோரும் இருமினார்கள். எனக்கே உறைத்தது. அவர் கை நிற்கவில்லை.

டீ மணி அடித்ததும் படிவத்தை நீட்டினேன். கருவியைப் பயன்படுத்தியவர் கருத்து என்று அதில் ஒரு கட்டம் உண்டு, ஒரு வரி எழுதுகிற அளவுக்கு. என்ன எழுதட்டும் என்று கேட்டேன்.

"லைட்டா கீது, நல்லா கீதுன்னு எழுது. ஆனா நைனா, தூக்கறதுக்குத்தான் இது லைட்டு. இழுக்கறதுக்கு அதே வெயிட்டுதான். டிக்கு வர்ற வரிக்கும் தோளுக்கு ஒண்ணும் மாறல. அதையும் எழுதிக்க."

இவ்வளவு சரியாக அந்தக் கருவியைப் பற்றி விற்பனைக்காரரும் சொல்லவில்லை, எங்கள் இன்ஜினியர்கள் ஒருவரும் சொல்லவில்லை. ரெஞ்ச் எவ்வளவு லேசாக இருந்தாலும் போல்ட் கேட்கிற பலத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். அது எடையில் இல்லை, கையில் இருக்கிறது. நான் எழுதியது இதுதான்: கருவி எடை குறைவு, வேலைக்கு மிக நன்றாக இருக்கிறது. அதற்குள் கட்டம் நிறைந்துவிட்டது. பின்பக்கம் எழுதியிருக்கலாம். ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதியிருக்கலாம். டீ ஆறுகிறது என்று அவசரம் எனக்கு. படித்துப் பார்க்கச் சொன்னேன். நீ எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

ரெஞ்சுகள் வந்து சேர்ந்தன. கூடவே அறிவிப்புப் பலகையில் ஒரு தாளும் வந்தது. பதினான்கு இனி இருபது. காரணம் கேட்கப் போன பெண்களிடம் மேனேஜர் இரண்டு காகிதங்களைக் காட்டினாராம். ஒன்று இன்ஜினியர் எழுதிய நேரம். இன்னொன்று என் படிவம். உங்களில் ஒருவரே நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாரே என்றாராம். ரெஞ்சில் குறைந்த எடை அவர்கள் தோளுக்கு ஒருநாள்கூடப் போய்ச் சேரவில்லை. முன்பு நானூற்றுச் சொச்சம் முறை இழுத்தவர்கள் இப்போது அறுநூறைத் தாண்டினார்கள்.

லைனில் அவரோடு பேச்சு நின்றது. வேனில் அவருக்குப் பிடித்து வைக்கிற ஜன்னல் சீட்டும் போயிற்று. பொருளைக் கொடுத்து எடை கேட்கிற விளையாட்டும் முடிந்தது. ஒருமுறை கையுறை மாற்ற வந்தபோது ஜன்னலில் வேறு ஆள் இல்லை. எனக்குக் கேட்க வேண்டும் போல் இருந்தது. இருமல் உங்கள் காதில் விழவில்லையா என்றேன்.

"வுழுந்துச்சு நைனா. நல்லாத்தான் வுழுந்துச்சு. கை நிக்கல. தோள் வலிக்காம ரெஞ்ச தூக்குனது எனக்கு அன்னிக்குத்தான். சந்தோசத்துல பேஜாரு ஆயிடுச்சி."

ஒரு மனுஷிக்கு அரை நாள் வலி இல்லாமல் வேலை செய்யக் கிடைத்தது. அந்த அரை நாளை அளந்து எடுத்துக்கொண்டு போய் நாற்பது பெண்களின் தலையில் வைத்துவிட்டார்கள். இதை எந்த வார்த்தையில் திட்டுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அப்போதாவது அந்த விடுபட்ட வாக்கியத்தைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கையுறையைக் கொடுத்து நோட்டில் கையெழுத்து வாங்கினேன்.

மேனேஜரிடம் ஒருமுறை போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அக்கா சொன்னதில் ஒரு பாதி எழுதாமல் விட்டுவிட்டேன் என்றேன். கோப்பு மூடியாகிவிட்டது, இனி என்ன என்றார். திரும்பி வந்து அலமாரியில் அந்தக் கோப்பைத் தேடி எடுத்து, படிவத்தின் பின்பக்கம் இரண்டாவது வாக்கியத்தை எழுதி வைத்தேன். அதை யாரும் திறந்து படிக்கப்போவதில்லை. எனக்கும் அது தெரியும்.

ஒரு மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலம் வருவதற்குள் அவருடைய வலது கை தோளுக்கு மேலே ஏறாமல் போனது. ரெஞ்சை இடது கையில் வாங்க ஆரம்பித்தார். ஆஸ்பத்திரியில் மாத்திரையும் தடவுகிற மருந்தும் கொடுத்து, கைக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார்கள். இருபது வரவில்லை. பதினாறு, பதினைந்து என்று இறங்கியது. கான்ட்ராக்டர் நல்ல மாதிரியாகவே, உடம்பு சரியானதும் வாங்க என்று சொல்லி அனுப்பினார். சரியாகவும் இல்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. கம்பெனி கொடுத்த காலணியையும் கண்ணாடியையும் என் ஜன்னலில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் இடத்தில் வேறொரு பெண் நின்றாள், அதே ரெஞ்சோடு.

இதெல்லாம் இரண்டு வருடத்துப் பழைய கதை. போன வாரம் அதே விற்பனைக்காரர் மறுபடியும் வந்தார். இப்போது இன்னும் லேசான மாடல் வந்திருக்கிறதாம். அதே படிவம் என் மேஜைமேல் இருக்கிறது. வாங்கலாமா, வேண்டாமா? கிரேன் மேல் ஏறி வேலை பார்க்கிறவனுக்கு வாங்கிக் கொடுக்கலாம், அவன் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். தன் கடையில் தன் இஷ்டத்துக்கு வேலை செய்கிற மெக்கானிக் வாங்கலாம், குறைகிற எடை அவனுக்கே மிஞ்சும். எத்தனை செய்ய வேண்டும் என்று வேறு யாரோ முடிவு செய்கிற இடத்தில் வாங்கினால் என்ன ஆகும் என்று நான் பார்த்துவிட்டேன். எழுத உட்கார்ந்தேன், ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு ஆரணிக்குப் போனேன்.

அந்த வாக்கியத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது என்றுதான் புறப்பட்டேன். வெறுங்கையோடு போகக் கூடாதே என்று வழியில் ஒரு கடையில் சாத்துக்குடி வாங்கினேன். வாசலிலேயே என்னைப் பார்த்துவிட்டார். இளைத்துப் போயிருந்தார். மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அம்மாவுக்கு ராத்திரியில் தூக்கமில்லை, தலை வாருவதும் நான்தான் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அக்கா என் மகளை விசாரித்தார். இப்போது எவ்வளவு இருக்கிறாள் என்று கேட்டார். பதினெட்டு கிலோ என்றேன். பரவாயில்லை என்று தலையாட்டினார். சாத்துக்குடிப் பையை நீட்டினேன்.

இடது கைதான் முதலில் வந்தது. பிறகு என்ன நினைத்தாரோ, பையை வலது கைக்கு மாற்றினார். முழங்கை இடுப்போடு ஒட்டியே இருந்தது, கை மட்டும் கொஞ்சம் எழுந்தது. ஒரு முறை ஆட்டினார். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை ஆட்டினார். வெகு நேரம் யோசித்தார்.

"ரெண்டு கிலோ இருக்குமா நைனா?"

இத்தனை வருடத்தில் அவர் எடையைக் கேள்வியாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாக்கா. கரெக்டா ரெண்டுதான்" என்றேன்.

பையைக் கீழே வைத்துவிட்டு, உள்ளே இருந்த மகளைப் பார்த்துச் சொன்னார். "பாத்தியா, கைய விட்டுப் போச்சுன்னு சொல்லிக்கினு இருந்தியே. போவல. அப்படியேதான் கீது."

அதற்குமேல் என்னால் மன்னிப்புக் கேட்க முடியவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். பைக் சாவியை எடுக்கும்போது சட்டைப் பையிலிருந்து கடைக்காரர் கொடுத்த சீட்டும் கூட வந்தது. சாத்துக்குடி, ஒரு கிலோ.